44 வயதில் ஒலிம்பிக் தங்கம் வென்ற கோல் கீப்பர்: 15 வயது மகளுக்கு நான் என்ன சொல்வது?

மூன்றாம் மாடி அம்மா, வெள்ளவத்தை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஹேண்ட்போல் ஆடியவர்கள், பழக்கியவர்கள் யாராவது இங்கே இருந்தால் கொஞ்ச நேரம் ஒதுக்கிப் பதில் எழுதுங்கள். தமிழ்நாட்டில் இருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு விளக்கம்: நீங்கள் கைப்பந்து என்று சொல்வதை நாங்கள் இங்கே கரப்பந்து என்போம். நான் கேட்பது வலைக்கு மேலால் அடிக்கும் அந்த ஆட்டத்தைப் பற்றி அல்ல. பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் ஆட்டத்தைப் பற்றி.

மகளுக்கு 15 வயது, தரம் 10. போன வருடம் வலைப்பந்து அணியில் இடம் கிடைக்காமல் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் விளையாட்டு மிஸ் அவளைக் கூட்டிக்கொண்டு போய் ஹேண்ட்போல் கோலுக்குள் நிறுத்தியிருக்கிறார். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தவள் புத்தகப் பையைக் கூடக் கழற்றவில்லை. குசினி வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்று, "அம்மா, அந்த மல்லி பைக்கற்றை எறியுங்கோ, பிடிக்கிறன்" என்றாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வேறு கதை இல்லை.

என் சித்தி நோர்வேயில், ஒஸ்லோவில் இருக்கிறார். 2024 ஓகஸ்ட் 10ஆம் திகதி பாரிஸ் ஒலிம்பிக் பெண்கள் இறுதிப் போட்டி நடக்கும்போது வட்ஸ்அப்பில் எடுத்து, போனை டிவிக்கு முன்னால் வைத்துவிட்டார். நோர்வே 29, பிரான்ஸ் 21. சித்தி அங்கே கத்துகிறார், மகள் இங்கே சோபாவில் ஏறி நின்று கத்துகிறாள். நோர்வேயின் கோல் கீப்பர் கட்ரினே லுண்டே. "அவவுக்கு 44 வயது பிள்ளை" என்று சித்தி சொன்னார். என்னைவிட மூன்று வயது கூட. அன்றிலிருந்து மகள் அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அவளுடைய மேசைக்கு மேலே சுவரில் 44 என்று எழுதி ஒட்டியும் இருக்கிறாள்.

இப்போது என் கஷ்டம். அடுத்த வருடம் ஓ/எல் பொதுப் பரீட்சை. சோதனை முடியும்வரை விளையாட்டை நிறுத்தட்டும், பிறகு பார்க்கலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். மகளின் இரண்டு தொடையிலும் நீலம் பாய்ந்த அடையாளங்கள். போன மாதம் பந்து முகத்தில் பட்டு உதடு வெடித்தது. அவள் ஐந்தடி மூன்று அங்குலம்தான், "இந்த உயரத்துக்கு இது சரிவராது" என்று சொந்தக்காரர் ஒருவர் அவளுக்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். அன்றிரவு அவள் அறைக்குள் அழுதது எனக்குக் கேட்டது.

ஒரு கோல் கீப்பர் எப்படி 44 வயது வரை நிற்கிறார்? அந்தப் பயணம் எப்படிப் போனது? மகளிடம் உண்மையைத்தான் சொல்ல விரும்புகிறேன். ஆசை காட்டவும் வேண்டாம், பயம் காட்டவும் வேண்டாம்.

———

கொட்டாஞ்சேனை அப்பா எழுதியது:

தங்கச்சி, எனக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். அதனால் மனதில் பட்டதைச் சொல்கிறேன், தவறாக எடுக்க வேண்டாம்.

இந்த ஆட்டத்தின் பெயரை எங்களில் பலர் முதன்முதலாகக் கேட்டது 2004 செப்டெம்பரில். இலங்கைத் தேசிய ஹேண்ட்போல் அணி என்று சொல்லிக்கொண்டு 23 பேர் ஜேர்மனிக்குப் போனார்கள். பவேரியாவில் விட்டிஸ்லிங்கன் என்ற சின்ன ஊரில் ஆட்டம் ஆடித் தோற்றார்கள், பிறகு ஒருநாள் காலையில் பார்த்தால் ஒருவரும் இல்லை. அப்படி ஓர் அணியே இங்கே இருக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தச் செய்தி வந்த நேரம் நான் புறக்கோட்டையில் ஒரு கடையில் நின்றேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. என் தம்பியும் அந்தக் காலத்தில் வெளியே போக வழி தேடிக்கொண்டு அலைந்தவன்.

விளையாட்டை நம்பி நம் பிள்ளைகள் எங்கே போய்ச் சேரலாம் என்று யோசிக்கும்போது எனக்கு அந்த 23 பேர்தான் நினைவுக்கு வருகிறார்கள். நோர்வேக்காரிக்குக் கழகம் இருக்கிறது, சம்பளம் இருக்கிறது. இங்கே என்ன இருக்கிறது? முதலில் ஓ/எல் முடியட்டும். உங்கள் வீட்டுக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

———

பழைய கோல் கீப்பர், தெஹிவளை எழுதியது:

வணக்கம் அக்கா. உங்கள் பதிவைப் பாடசாலை இடைவேளையில் வாசித்தேன். மல்லி பைக்கற் வந்த இடத்தில் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, திரும்ப முதலில் இருந்து வாசித்தேன். எங்கள் வீட்டில் அது ஹோல் வாசல். எறிவதற்குத் தம்பியின் சப்பாத்து.

எனக்கு இப்போது 31 வயது, உடற்கல்வி ஆசிரியையாக வேலை செய்கிறேன். 14 வயதில் இருந்து 16 வரை கொழும்பில் பாடசாலை அணியில் கோலுக்குள் நின்றவள். லுண்டேயை நான் பின்தொடரத் தொடங்கியது 2012 இலண்டன் ஒலிம்பிக்கில். அந்த முறை நோர்வே குழுவில் நான்காவதாக வந்துதான் காலிறுதிக்குப் போனது. காலிறுதியில் பிரேஸிலுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் 21-19 என்று வென்று, இறுதியில் மொண்டெனேக்ரோவை 26-23 என்று வென்று தங்கம் எடுத்தார்கள். அந்தப் பிரேஸில் ஆட்டத்தின் இரண்டாம் பாதியை இன்றைக்கும் என் மாணவிகளுக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

அவருடைய பயணத்தை வருடங்களோடு சொல்கிறேன், மகளுடன் சேர்ந்து இருந்து வாசியுங்கள்.

1980 மார்ச் 30, நோர்வேயின் தென்கரையில் கிறிஸ்டியன்சான்ட் நகரில் பிறந்தார். இரட்டைப் பிள்ளைகள். கூடப் பிறந்த கிறிஸ்டினே நடுவில் நின்று ஆட்டத்தை நடத்துபவர், இவர் கோலுக்குள். 2002இல் தேசிய அணிக்கு வந்தார். 2004இல் ஐரோப்பியக் கிண்ணம் வென்ற அணியில் இருந்தார். அந்த வருடமே டென்மார்க்கில் ஆல்போர்க் கழகம், பிறகு அதே நாட்டில் விபோர்க். முதல் ஒலிம்பிக் 2008 பெய்ஜிங். சகோதரிகள் இருவரும் அதே அணியில், அதே தங்கம். அப்போது வயது 28. அக்கா, இந்த 28ஐ வீட்டுக்காரருக்குக் காட்டுங்கள். உங்கள் மகளின் வயதில் இருந்து அந்த முதல் ஒலிம்பிக் வரை 13 வருடம் இருக்கிறது.

ஐரோப்பாவில் கழகங்களுக்கு ஆகப் பெரிய கிண்ணம் சாம்பியன்ஸ் லீக். அவர் அதை ஏழு தடவை வென்றிருக்கிறார். விபோர்க்குடன் 2009, 2010. ஹங்கேரியில் ஜியோர் கழகத்துடன் 2013, 2014. அதற்குப் பிறகு 2021, 2022, 2023 என்று தொடர்ந்து மூன்று, மூன்றும் தான் பிறந்த ஊரின் கழகமான வைப்பர்ஸ் கிறிஸ்டியன்சான்டுடன்.

2014க்கும் 2021க்கும் நடுவில் ஒன்றும் இல்லை, பார்த்தீர்களா? நான் அதிகம் யோசித்தது அந்த ஏழு வருடத்தைப் பற்றித்தான். 2015இல் அவருக்குக் குழந்தை பிறந்தது. 35 வயது. எத்தனையோ கிண்ணம் வென்றாகிவிட்டது, ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம். போதும் என்று வீட்டில் இருந்திருந்தால் யாரும் ஒரு சொல் சொல்லியிருக்க மாட்டார்கள். அடுத்த வருடம் ரியோவில் மறுபடி நோர்வே அணியில் இருந்தார். வெண்கலம். டோக்கியோவிலும் வெண்கலம். உலகக் கிண்ணம் மட்டும் கைக்கு வராமலே இருந்தது. அது வந்தது 2021 டிசம்பரில், 41 வயதில். பாரிஸில் முதல் ஆட்டத்திலேயே ஸ்வீடனிடம் 28-32 என்று தோற்றார்கள். அதற்குப் பிறகு ஒன்றிலும் தோற்கவில்லை. உங்கள் சித்தி போனில் காட்டியது அந்த ஓட்டத்தின் முடிவை. ஒலிம்பிக்கில் மட்டும் அவரிடம் ஐந்து பதக்கம் இருக்கிறது, அதில் மூன்று தங்கம்.

எப்படி 44 வரை? கோல் கீப்பர் என்பதும் ஒரு காரணம். மற்றவர்கள் 40 மீற்றர் நீளத் தளத்தில் ஒரு மணி நேரம் ஓடி, மோதி, பாய்ந்து, விழுந்து எழும்புகிறார்கள். முழங்காலும் தோளும் தேய்கின்றன. கோல் கீப்பருக்கு அந்த ஓட்டமும் மோதலும் குறைவு. அவள் வருடத்துக்கு வருடம் சேர்த்துவைப்பது எறிபவரைப் பற்றிய அறிவை. எந்தத் தோள் முதலில் திறக்கிறது, மணிக்கட்டு எந்தப் பக்கம் மடிகிறது, களைத்தால் இவள் எந்த மூலைக்கு எறிவாள் என்பதெல்லாம் ஆயிரக்கணக்கான எறிகளைப் பார்த்துப் பார்த்துத்தான் கண்ணுக்குப் பழகும். அந்தக் கண் 25 வயதில் இருப்பதைவிட 35இல் கூர்மையாக இருக்கும். அதற்காக உடம்பைச் சும்மா விடலாம் என்று நினைக்க வேண்டாம். இடுப்பு விரியாவிட்டால் கால் மூலைக்குப் போகாது. அவர் 44இலும் அந்தக் காலை அவ்வளவு உயரத்துக்குத் தூக்கினார் என்றால், அதற்குப் பின்னால் எத்தனை ஆயிரம் காலைப் பொழுதுகள் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

உயரம் பற்றி. எங்கள் ஊரில் விளையாட்டு, உயரம் என்று கதை வந்தால் எல்லோருக்கும் வலைப்பந்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம்தான் நினைவுக்கு வருவார், எனக்கும் அப்படியே. ஆனால் வலைப்பந்தில் வளையம் 3.05 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹேண்ட்போல் கோல் 2 மீற்றர் உயரம், 3 மீற்றர் அகலம். உயரமானவருக்கு வசதி உண்டு, அதை மறைக்க மாட்டேன், லுண்டேயும் உயரமானவர்தான். உயரம் குறைந்த பிள்ளை அதை முன்னால் வந்து ஈடுகட்ட வேண்டும். கோட்டிலேயே ஒட்டிக்கொண்டு நின்றால் எறிபவருக்கு முழுக் கோலும் தெரியும். எறியும் நேரம் பார்த்து இரண்டு எட்டு முன்னால் வந்தால் அவளுக்குத் தெரியும் இடைவெளி பாதியாகக் குறைந்துவிடும். எப்போது வருவது என்பதுதான் கலை. முந்தி வந்தால் தலைக்கு மேலால் தூக்கிப் போடுவாள். கொரிய அணியின் ஓ யோங்-ரான் என்ற கோல் கீப்பரின் ஆட்டங்களையும் மகளுக்குத் தேடிக் கொடுங்கள். 1996 அட்லாண்டாவில் தொடங்கி ஐந்து ஒலிம்பிக் ஆடியவர். அம்மாவான பிறகு, 43 வயதில் ரியோவுக்கும் வந்தார். காலை வைப்பதிலும் நேரம் பார்ப்பதிலும் அவரிடம் படிக்க நிறைய இருக்கிறது.

காயம் பற்றி. தொடையில் நீலம் பாய்வது இந்த வேலையில் சாதாரணம், ஒரு கிழமையில் மாறிவிடும். நீளக் காற்சட்டை போட்டுத்தான் நிற்கிறாளா என்று கேளுங்கள், அரைக் காற்சட்டையோடு நிற்க விடக்கூடாது. முகத்தில் பட்டது எனக்கும் கவலை. விதி கோல் கீப்பரின் பக்கம்தான் இருக்கிறது: 2022இல் இருந்து, தடுக்க ஆள் இல்லாமல் எறிபவர் பந்தைக் கோல் கீப்பரின் தலையில் அடித்தால் இரண்டு நிமிடம் வெளியே போக வேண்டும். பயிற்சியிலும் அந்த ஒழுங்கு இருக்க வேண்டும். இன்னொன்று, தயவுசெய்து பந்தை அளந்து பாருங்கள். பெண்கள் ஆடுவது 2ஆம் இலக்கப் பந்து: சுற்றளவு 54 முதல் 56 சென்ரிமீற்றர், எடை 325 முதல் 375 கிராம். ஆண்களுடையது 58 முதல் 60 சென்ரிமீற்றர், எடை 425 முதல் 475 கிராம். சில இடங்களில் ஒரே பந்துப் பையை ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிடுகிறார்கள். 100 கிராம் வித்தியாசம் முகத்தில் படும்போது தெரியும்.

மகளிடம் நீங்கள் கட்டாயம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்த ஆட்டத்தில் நல்ல கோல் கீப்பர் என்றால் வருகிற பந்துகளில் மூன்றில் ஒன்றைத் தடுப்பவர். பத்தில் நான்கு தடுத்தால் அன்றைய நாள் அவளுடையது. அதாவது உலகத்தின் ஆகச் சிறந்தவருக்கும் ஓர் ஆட்டத்தில் இருபது தடவை வலை குலுங்கும். பந்தை எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்ப நிற்க வேண்டும். எனக்கு அதைப் பழகத்தான் இரண்டு வருடம் போனது. முதல் வருடம் ஒவ்வொரு கோலுக்கும் அணியிடம் மன்னிப்புக் கேட்டேன். எங்கள் பயிற்றுநர் என்னைக் கூப்பிட்டு, "நீ மன்னிப்புக் கேட்கிற நேரத்தில் அவர்கள் அடுத்த பந்தோடு வந்துவிடுகிறார்கள்" என்றார்.

நான் ஏன் 16இல் நிறுத்தினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் கேள்வி அதுதானே. காயம் ஒன்றும் இல்லை. ஓ/எல் வந்தது. அம்மா என் நீளக் காற்சட்டையைத் தோய்த்து மடித்து அலுமாரியின் மேல்தட்டில் வைத்தார், சோதனை முடிந்ததும் எடுக்கலாம் என்று. சோதனை முடிந்த கையோடு ஏ/எல் (உயர்தர) வகுப்பு, ரியூஷன், பம்பலப்பிட்டியில் ஒன்று, வெள்ளவத்தையில் ஒன்று. இரண்டு வருடம் கழித்து எடுத்துப் பார்த்தபோது காற்சட்டை கணுக்காலுக்கு மேலே நின்றது. யாரும் என்னைத் தடுக்கவில்லை. யாரும் திரும்பக் கூப்பிடவும் இல்லை. என்னோடு ஆடிய பதினான்கு பேரில் 18 வயதுக்குப் பிறகும் ஆடியவர் ஒருவர், அவர் இராணுவ அணிக்குப் போனார். மற்றவர்கள் எல்லோரும் என்னைப் போலத்தான், ஏதோ ஒரு சோதனைக்கு முன்னால் நிறுத்தினோம்.

எனக்கு இப்போது 31. அந்த வயதில் லுண்டேயிடம் ஓர் ஒலிம்பிக் தங்கம்தான் இருந்தது. மற்ற நான்கு பதக்கங்களும் அதற்குப் பிறகு வந்தவை. இதைக் கணக்குப் பார்த்த அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் விடிய ஆறரைக்குக் கடற்கரையில் மணலில் ஆடுகிறோம், நான் மறுபடி கோலுக்குள்.

ஆகவே முழுதாக நிறுத்த வேண்டாம் அக்கா. குறையுங்கள். கிழமைக்கு நான்கு நாள் என்றால் இரண்டாக்குங்கள். வீட்டில் ஒவ்வொரு நாளும் இருபது நிமிடம் போதும்: இரண்டு டெனிஸ் பந்து, ஒரு சுவர். ஒன்றை எறிந்து மற்றதைப் பிடிப்பது, பிறகு இடுப்பும் தொடையும் விரிக்கும் பயிற்சி. மூன்றாம் மாடி என்றபடியால் கீழ் வீட்டுக்காரர் பாவம், மொட்டை மாடிக்கு அனுப்புங்கள். படிப்புக்கு இடையில் எழும்பி இருபது நிமிடம் அசைந்துவிட்டு வரும் பிள்ளைக்குப் படிப்பு கெடாது. இதை ஆசிரியையாகவும் சொல்கிறேன்.

கொட்டாஞ்சேனை அண்ணா, அந்த 23 பேரின் கதையை நீங்கள் சிரிக்காமல் சொன்னதற்கு நன்றி. 2004இல் உண்மையான அணி ஒன்று இங்கே ஆடிக்கொண்டிருந்திருந்தால் அந்தப் பொய்யை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். இன்று பாடசாலைகளில் பிள்ளைகள் ஆடுகிறார்கள், முப்படைகளிலும் அணிகள் இருக்கின்றன, தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளிலும் ஹேண்ட்போல் சேர்ந்திருக்கிறது. சம்பளம் வாங்கும் வாழ்க்கை இங்கே இதில் இல்லை என்பது உண்மை, அக்காவும் அதை மகளிடம் மறைக்க வேண்டாம். ஆடும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதும் உண்மை.

———

ஒஸ்லோ பஸ் சாரதி எழுதியது:

அக்கா, நான் பிறந்தது கொட்டாஞ்சேனை, 1998இல் இருந்து நோர்வே. இரண்டு மகள்மாரும் ஹேண்ட்போல் ஆடியவர்கள். மேலே தங்கச்சி எழுதியதற்குமேல் ஆட்டத்தைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த 44 வயது எங்கிருந்து வருகிறது என்பதை நான் இங்கே கண்ணால் பார்த்த அளவில் சொல்கிறேன்.

இங்கே சிறுவர் விளையாட்டுக்கு ஒரு விதித் தொகுப்பு இருக்கிறது. 1987இல் கொண்டுவந்து 2007இல் திருத்தியது. அதன்படி ஒரு பிள்ளைக்கு 11 வயது வரும்வரை முடிவுப் பட்டியல், தரவரிசை எதுவும் போடக்கூடாது. 13 வயதுக்கு முன்னால் தேசிய சாம்பியன் போட்டி கிடையாது. முதலில் எனக்கு அது விளங்கவில்லை. மூத்தவள் எட்டு வயதில் ஆடிவிட்டு வரும்போது "எத்தனையாவது இடம்?" என்று கேட்பேன், அவளுக்குப் பதில் தெரியாது. பத்து வருடம் கழித்து விளங்கியது. எட்டு வயதில் அவளோடு ஆடிய பிள்ளைகளில் பாதிப்பேர் 18இலும் ஆடிக்கொண்டிருந்தார்கள். நன்றாக ஆடாத பிள்ளைகளும்தான்.

பிறகு டுக்னாட். எங்கள் சிரமதானம் போன்றது. கழகத்தில் பிள்ளை இருந்தால் தாய் தகப்பன் வேலைக்கு வரத்தான் வேண்டும். நான் மைதான மண்டப வாசலில் நின்று வாஃபிள் சுட்டு விற்றிருக்கிறேன், என் மனைவி மணிக்கூடு பார்க்கும் மேசையில் இருந்திருக்கிறார். எங்கள் அரைகுறை நோர்வேஜிய மொழி அந்த மேசையில் இருந்துதான் முழுதானது. டிசம்பர் மாதம் பெண்கள் போட்டி டிவியில் போகும்போது இந்த ஊரே அதைத்தான் கதைக்கும். கிறிஸ்மஸ் வேலைகளை அதற்கு ஏற்றபடி பார்த்துக்கொள்கிற வீடுகள் எனக்குத் தெரியும்.

ஆனால் இங்கே எல்லாம் பணத்தில் மிதக்கிறது என்று நினைக்க வேண்டாம். தங்கச்சி சொன்ன வைப்பர்ஸ் கழகம், மூன்று வருடம் தொடர்ந்து ஐரோப்பாவை வென்ற கழகம், 2025 ஜனவரியில் காசில்லாமல் வங்குரோத்தாகி மூடப்பட்டது. லுண்டே அதற்கு முந்திய வருடமே விலகிவிட்டார். அந்தச் செய்தி வந்த அன்று என் பஸ்ஸில் ஏறிய ஒரு வயதான அம்மா அழுதுகொண்டு வந்தார், கிறிஸ்டியன்சான்டில் பிறந்தவராம். ஆக, அங்கேயும் இதில் வாழ்க்கை நிச்சயம் என்று ஒன்றும் இல்லை. என் மகள்மாரில் ஒருத்தி இப்போது தாதி, மற்றவள் இன்னும் படிக்கிறாள். இருவரும் செவ்வாய் இரவில் ஆடப் போகிறார்கள். அதற்குச் சம்பளம் இல்லை.

உங்கள் சித்தியிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

———

மூன்றாம் மாடி அம்மா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரவு மகளை அருகில் வைத்து எல்லாவற்றையும் சத்தமாக வாசித்தேன். 2014க்கும் 2021க்கும் இடையில் ஒன்றும் இல்லை என்ற இடத்தில் அவள் நிறுத்தச் சொன்னாள். பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பிறகு தொடரச் சொன்னாள்.

வீட்டுக்காரருக்கும் காட்டினேன். அலுமாரி மேல்தட்டுக் கதையை இரண்டு தரம் வாசித்தார். ஒன்றும் சொல்லவில்லை. இன்று காலை அவராகவே மொட்டை மாடிச் சாவியை எடுத்து மகளின் மேசையில் வைத்திருந்தார். கிழமைக்கு இரண்டு நாள் பயிற்சி, ஆங்கில ரியூஷனைச் சனிக்கு மாற்றுவது என்று இப்போதைக்குப் பேச்சு. கொட்டாஞ்சேனை அண்ணா, நீங்கள் சொன்னதையும் மறக்கவில்லை. தவணைப் பரீட்சையில் கணிதம் இறங்கினால் திரும்பவும் கதைப்போம் என்று மகளே ஒத்துக்கொண்டாள்.

இன்னொரு விஷயம் தங்கச்சி. மகள் இன்று என் தையல் நாடாவைப் பாடசாலைக்குக் கொண்டுபோய்ப் பையில் இருந்த பந்துகளை அளந்திருக்கிறாள். ஐந்து பந்து. இரண்டு 55. மூன்று 58க்கு மேல். உதடு வெடித்தது அந்த மூன்றில் ஒன்றால்தான் இருக்கும் என்கிறாள். நான் போய் மிஸ்ஸிடம் கேட்கலாமா? சண்டைக்கு வந்தது போல ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அவளைக் கோலுக்குள் நிறுத்தியதே அந்த மிஸ்தான்.

———

பழைய கோல் கீப்பர், தெஹிவளை எழுதியது:

நாடாவோடு போன பிள்ளைக்கு என் அன்பைச் சொல்லுங்கள்!

மிஸ் பெரும்பாலும் இருப்பதை வைத்துச் சமாளிப்பவராக இருப்பார். எங்களுக்குப் பந்து வாங்கக் காசு கேட்டால் எத்தனை கையெழுத்து வேண்டும் என்பது எனக்குத் தெரியும். நீங்கள் தனியே போகாமல் இன்னும் இரண்டு அம்மாக்களைச் சேர்த்துக்கொண்டு போங்கள். "2ஆம் இலக்கப் பந்து மூன்று நாங்கள் வாங்கித் தரலாமா மிஸ்?" என்று கேளுங்கள். பந்தின் மேலேயே இலக்கம் அச்சடித்திருக்கும், வாங்கும்போது அதைப் பாருங்கள். கடைக்காரர் எல்லாம் ஒன்றுதான் என்பார், நம்ப வேண்டாம். நாடாவையும் கொண்டுபோங்கள்.

மகளுக்கு நீளக் காற்சட்டை வாங்கும்போது அவளையும் கூட்டிப் போய், கடையிலேயே குந்தி எழும்பி ஒரு காலைப் பக்கவாட்டில் நீட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தொடையில் இறுக்கினால் அடுத்த அளவு எடுங்கள். ஞாயிறு ஆறரைக்கு நாங்கள் மணலில் இருப்போம், அக்காவும் மகளும் விரும்பினால் வாருங்கள். இங்கே தனிச் செய்தி அனுப்பினால் இடத்தைச் சொல்கிறேன். எறிவதற்கு எங்களில் ஆறு பேர் இருக்கிறார்கள், கோலுக்குள் நிற்க நான் ஒருத்திதான்.